மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கி உரிமம்: யாருடைய சான்றிதழ் எங்கே செல்லும்?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கு நாடு முழுமைக்குமான ஒரே பாடத்திட்டம் கிடையாது. எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை தோட்டா சுட வேண்டும், யார் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் செல்லும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் கவுண்டிக்குக் கவுண்டியே (நம் மாவட்டம் போன்றது) மாறும். அங்கே வாழும் தமிழ் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

டல்லாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கும் எண்ணமில்லை. நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ப் பயிற்சி மட்டும் எடுக்கலாமா?

வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வாங்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஜி)(5) பிரிவு தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தது, நண்பருடையது, பத்தே நிமிடம் என்ற சமாதானங்கள் எடுபடாது. பொருள் யாருக்குச் சொந்தம் என்று சட்டம் பார்ப்பதில்லை, உங்கள் கைவசம் இருந்ததா என்றுதான் பார்க்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. நாடு கடத்தலுக்கும் இது தனிக் காரணமாகும். ரேஞ்சில் எடுத்துப் பகிரும் புகைப்படமே சாட்சியாகிவிடும்.

முக்கியமான விதிவிலக்கு, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அதை நம்பி இறங்குவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்தத் தடை இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கார்டு வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது. நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் இதை முதலில் வைத்திருக்கிறோம்.

என்.ஆர்.ஏ. சான்று பெற்ற பயிற்றுநர் என்றால் எந்த மாநிலத்திலும் வகுப்பு எடுக்கலாம்தானே?

முடியாது. என்.ஆர்.ஏ. (நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன்) ஒரு தனியார் சங்கம். அதன் பிஸ்டல் பயிற்றுநர் வகுப்பில் சேருவதற்கே 15 கெஜத்திலிருந்து 20 தோட்டா சுட்டு, அதில் 16 ஆறு அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். ஆகவே அது நல்ல தகுதிதான். ஆனால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டா என்று முடிவு செய்வது உங்களுக்கு உரிமம் தரும் அதிகாரி.

ஃப்ளோரிடா அதை நேரடியாக ஏற்கிறது. ஒரே நிபந்தனை, மாணவர் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாண்டு உண்மையான தோட்டாவால் சுட்டதைப் பயிற்றுநர் நேரில் பார்த்து, அதற்குப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். டெக்சாஸில் பொதுப் பாதுகாப்புத் துறை தானே பயிற்றுநர்களுக்கு உரிமம் தருகிறது. மாணவருக்குச் சுடும் தேர்வில் 70 சதவீதம் போதும், பயிற்றுநருக்கு 90 வேண்டும். இல்லினாயில் மாநிலக் காவல்துறை ஆளையும் அங்கீகரிக்க வேண்டும், அவர் நடத்தும் பாடத்திட்டத்தையும் தனியாக அங்கீகரிக்க வேண்டும். மேரிலாந்தில் மாநிலக் காவல்துறையின் கைத்துப்பாக்கிப் பயிற்றுநர் உரிமம் தேவை. யூட்டாவில் மாநிலக் குற்றப் பதிவுத் துறையின் சான்று பெற்றவர், தன் அதிகார முத்திரையைச் சான்றிதழில் பதிக்க வேண்டும். மினசோட்டாவில் மாநிலம் அங்கீகரித்த அமைப்பு ஒன்றின் சான்று இருந்தாலே போதும், ஆனால் பயிற்சி முடித்த ஓராண்டுக்குள் மாணவர் விண்ணப்பித்துவிட வேண்டும். கொலராடோவில் 2025 ஜூலை 1 முதல், கவுண்டி ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) சரிபார்த்த பயிற்றுநரின் வகுப்பு மட்டுமே செல்லும். எட்டு மணி நேரம் நேரடி வகுப்பு, 50 தோட்டாவில் 70 சதவீதம், எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் என்று அளவும் அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் பயிற்றுநரிடம் மாநிலம் அவருக்குத் தந்த பயிற்றுநர் எண்ணையும் அது காலாவதியாகும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். அவர் காட்டும் அட்டையோடு நிற்காமல், உரிமம் தரும் அலுவலகத்தின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் வகுப்பு வேண்டாம்.

டெக்சாஸில் இப்போது உரிமமே தேவையில்லை என்கிறார்களே. அப்புறம் எதற்குச் செலவு செய்து வகுப்பு?

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமமின்றி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மை. ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் உரிமத்துக்குத்தான் மதிப்பு. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம், அந்த மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு விலக்கு தருகிறது. உரிமமில்லாமல் இடுப்பில் துப்பாக்கியோடு பள்ளியை ஒட்டிய சாலையில் நடப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. குழந்தைகளைப் பள்ளியில் விடப் போகும் பெற்றோருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். அந்தப் பகுதியை இணையத்திலும் முடிக்கலாம், சுடும் தேர்வுக்கு மட்டும் பயிற்றுநர் முன் போய் நிற்க வேண்டும். மூன்று கெஜத்தில் 20, ஏழு கெஜத்தில் 20, பதினைந்து கெஜத்தில் 10 என 50 தோட்டா. மொத்தம் 250 புள்ளியில் 175 எடுத்தால் தேர்ச்சி.

சிகாகோவில் 16 மணி நேர வகுப்பு எடுத்தேன். ஐந்து கெஜத்தில் எல்லாம் படுகிறது. பத்து கெஜத்தில் குண்டு இடப்பக்கம் கீழே போய்விடுகிறது. வலதுகைக்காரன். தேர்வில் தோற்றுவிடுவேனா?

இல்லினாய்த் தேர்வில் 5, 7, 10 கெஜம் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துத் தோட்டா. முப்பதில் 21 குறிப்பலகையில் பட்டால் போதும். பி-27 என்ற அந்த ஆள் உருவப் பலகை 24 அங்குல அகலம், 45 அங்குல உயரம். கொஞ்சம் விலகினாலும் பலகைக்குள் விழும். ஆனாலும் பழக்கத்தைத் திருத்தாமல் போகாதீர்கள்.

வலதுகைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் கீழே இறங்கினால், பெரும்பாலும் காரணம் வெடிப்பை எதிர்பார்த்து மணிக்கட்டை முன்கூட்டியே அழுத்துவதும் விசையை வெடுக்கென இழுப்பதும்தான். தூரம் கூடக்கூட அதே பிழை பெரிதாகத் தெரியும். ரேஞ்சில் உடன் வந்தவரிடம் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கொடுத்து, நடுநடுவே இரண்டு மூன்று போலித் தோட்டாக்களைச் சேர்த்து நிரப்பச் சொல்லுங்கள். எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. போலித் தோட்டா வரும்போது சத்தம் இருக்காது, ஆனால் குழல் முனை சட்டென்று கீழே குனிவது உங்கள் கண்ணுக்கே தெரியும். விரல் நுனியின் சதைப்பகுதியை விசையில் வைத்து, நேராகப் பின்னோக்கி, அழுத்தத்தை ஒரே சீராகக் கூட்டுங்கள். பிடியின் பலம் இடக்கையில் அதிகமாக இருக்கட்டும். முனை குனியாமல் பத்துத் தோட்டா தொடர்ந்து போகும்வரை இதைச் செய்யுங்கள்.

வீட்டில் வெறும் துப்பாக்கியில் பழகுவதானால், மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (மேலே நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்து, குழலில் தோட்டா உட்காரும் இடம் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குறி சரியாக இருந்தும், ஆபத்தாகக் கையாண்டால் பயிற்றுநர் சான்றிதழ் தரக் கூடாது என்பது இல்லினாய்ச் சட்டம். தோட்டா சிக்கிக்கொண்டதும் துப்பாக்கியோடு அப்படியே பயிற்றுநர் பக்கம் திரும்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முனை பலகையை நோக்கியே இருக்கட்டும், விரலை விசையிலிருந்து எடுங்கள், மற்ற கையை உயர்த்திக் கூப்பிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் பக்கத்து கவுண்டிப் பயிற்றுநர் கட்டணம் குறைவு. அவரிடம் போகலாமா?

உங்கள் கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் அவரை ஏற்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல கவுண்டிகள் தங்கள் பட்டியலில் உள்ளவர்களை மட்டுமே ஏற்கின்றன. 2024 ஜனவரி 1 முதல் முதல் முறை விண்ணப்பிப்போருக்குக் குறைந்தது 16 மணி நேரம், புதுப்பிக்க 8 மணி நேரம். உரிமத்தில் எழுதப்போகும் ஒவ்வொரு துப்பாக்கியாலும் சுட்டுக் காட்ட வேண்டும். இரண்டு துப்பாக்கி பதிய நினைத்து ஒன்றை மட்டும் கொண்டுபோனால் இன்னொரு நாள் வீணாகும்.

வர்ஜீனியாவில் இணைய வகுப்புச் சான்றிதழ் செல்லுமா?

2021 ஜனவரி 1 முதல் செல்லாது. நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். பழைய விளம்பரங்கள் இன்னும் உலவுகின்றன, ஏமாற வேண்டாம்.

நியூயார்க் நகருக்கு வெளியே லாங் ஐலண்டில் உரிமம் வாங்கினால், நகருக்குள் மன்ஹாட்டனுக்கு எடுத்துப் போகலாமா?

கூடாது. நியூயார்க் நகரக் காவல்துறையின் தனி அனுமதி இல்லாமல் வெளி கவுண்டி உரிமம் நகருக்குள் செல்லாது. பயிற்சி அளவு மட்டும் மாநிலம் முழுக்க ஒன்றுதான். 2022 செப்டம்பர் 1 முதல் வகுப்பறையில் 16 மணி நேரம், ரேஞ்சில் 2 மணி நேரம், எழுத்துத் தேர்வில் 80 சதவீதம்.

எல்லாம் சரியாக முடித்தும் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பெயர் பொருந்தவில்லையாம்.

தமிழர்களுக்கு இது நிறையவே நேர்கிறது. வகுப்பில் "எஸ். குமார்" என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள், ஓட்டுநர் உரிமத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயராக முழுதாக இருக்கும். அலுவலகத்துக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். சான்றிதழைக் கையால் திருத்தாதீர்கள், திருத்தியதே புதிய சிக்கலாகிவிடும். பயிற்றுநரிடம் அடையாள அட்டையைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து புதிய சான்றிதழ் வாங்குங்கள். அவர் தன் பதிவேட்டிலும் திருத்த வேண்டும், ஏனென்றால் அலுவலகம் அவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

வாங்கும்போதே மாநிலம் கேட்கும் வாசகம் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எடுத்துக்காட்டாக மிஷிகனில், வகுப்பு 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஜே பிரிவுக்கு உட்பட்டது என்ற வரி சான்றிதழில் இருந்தாக வேண்டும். பயிற்றுநரின் அச்சிட்ட பெயரும் கையெழுத்தும் அதோடு வேண்டும்.