வறுமையை யாரும் உங்களிடம் கேட்கவில்லை

ஐயா,

வங்கியில் வேலை பார்க்கிறேன். ஒரு நாவலைப் பாதி எழுதி வைத்திருக்கிறேன். வேலையை விட்டால்தான் முடிக்க முடியும் என்று தோன்றுகிறது. புதுமைப்பித்தனும் சி.சு. செல்லப்பாவும் எல்லாவற்றையும் இழந்துதானே எழுதினார்கள்? மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பெரிதாக எதையும் எழுத முடியுமா? பணம் கட்டினால் நாவலைப் போடுவதாக ஒரு பதிப்பகம் சொல்கிறது. கட்டலாமா? புனைபெயர் அவசியமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

புனைபெயர் உங்கள் இஷ்டம். முதலில் நாவலை முடியுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி படித்ததிலிருந்து உறுத்துகிறது. புதுமைப்பித்தன் பிறந்தது 1906, இறந்தது 1948. சினிமா வேலையாகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி, திருவனந்தபுரத்தில் செத்துப்போனார். அவருடைய கிண்டலும் வேகமும் பட்டினி கொடுத்தவையா? அப்படியானால் பட்டினி கிடந்தவர்கள் எல்லாரும் எழுதியிருக்க வேண்டுமே! ஐம்பது வயதில் அவர் என்ன எழுதியிருப்பார் என்பது நமக்குத் தெரியாமலே போயிற்று. வறுமை செய்த வேலை அதுதான்.

செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை இழுத்துப் பிடித்து நடத்தினார். தான் போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். ‘சுதந்திர தாகம்’ நாவலின் மூன்று பாகத்தையும் 1997இல், எண்பதைத் தாண்டிய வயதில், அவரே வெளியிட்டார். மறு வருடம் காலமானார். சாகித்ய அகாதெமி விருது 2001இல் வந்தது. அந்தப் புத்தக மூட்டையைச் சொல்லி மேடையில் உருகாதவர் இல்லை. மூன்று பாகத்தையும் படித்தீர்களா என்று கேளுங்கள், செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

தி. ஜானகிராமன் வானொலியில் வேலை பார்த்தார். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. சுந்தர ராமசாமி ஜவுளிக்கடை நடத்தினார். உங்கள் கணக்குப்படி இவர்கள் எழுதியிருக்கவே கூடாது.

ஒரு மூத்த எழுத்தாளர், பெயர் வேண்டாம், இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் அவருடைய ஏழ்மையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டம்மா ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஏதோ பதிப்பகத்தின் லெட்டர்பேடு. தட்டச்சில் நாலு வரி, ‘நூலின் முழு உரிமையும் பதிப்பகத்துக்கே’ என்று. கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அவர் கையெழுத்து. எத்தனை வருடத்துக்கு என்று எங்கும் இல்லை. போட்டதோ ஒரே பதிப்பு.

“எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டாங்கன்னு கடைசிவரைக்கும் சொல்லிட்டே இருந்தாருங்க.”

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவைச் சொன்னேன். எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். அந்தக் காகிதத்துக்கு ஐந்து வருடம் எப்போதோ முடிந்திருந்தது.

“அப்ப அவரே வேற இடத்துல கொடுத்திருக்கலாமா?”

கொடுத்திருக்கலாம். உருகிப் பேசியவர்களில் பதிப்பாளர்களும் இருந்தார்கள், வக்கீல் ஒருவரும் இருந்தார். ஒருவர்கூட அவரிடம் ‘ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்டதில்லை. எழுத்தாளன் ஏழையாக இருப்பதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது ஆர்., உங்கள் கடிதத்திலும் அதன் வாடை அடிக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதி நாவல் எழுதியிருக்கிறீர்கள், பலர் முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. வேலையை விடாதீர்கள். விடிகாலையில் எழுதுங்கள். பணம் கேட்கும் பதிப்பகத்தாரிடம், கையெழுத்துப் பிரதியை யார் படித்தது, எந்த அத்தியாயத்தில் கை வைக்கச் சொல்கிறார் என்று கேளுங்கள். எல்லாம் பிரமாதம் என்றால் அவர் பக்கம் திருப்பவில்லை என்று அர்த்தம். அச்சுக்கூலி மட்டும் கொடுத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். எங்கே போட்டாலும் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், எத்தனை பிரதி, கணக்கு எப்போது என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.