ஆகஸ்ட் லீவு வான் வண்டிப் பயணம்: யாலவை விடுங்கள், மின்னேரியா போதும்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று நாளில் வில்பத்து, மின்னேரியா, யால வனவிலங்குப் பூங்காக்கள், சிகிரியாக் குன்று எல்லாம் பார்க்கலாமா, முழங்கால் நோவுள்ள அம்மம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் வானில் வருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். யாலவை விட்டுவிடுங்கள், அது நாட்டின் மற்ற அந்தம், போய்வரவே இரண்டு நாள் வீதியில் கரைந்துவிடும். வில்பத்துவும் இந்த முறை வேண்டாம்.

ஆகஸ்டில் மின்னேரியாதான் சரி. மழையில்லாமல் குளம் வற்ற வற்ற, கரையில் புதுப்புல் முளைக்கும், அதைத் தின்னப் பின்னேரத்தில் யானைகள் குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக இறங்கி வரும். போன வருடம் என் மகள் ஜீப் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, தாயின் கால்களுக்கு நடுவே நின்ற ஒரு குட்டியை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜீப்பை ஹபரணையில் பிடியுங்கள், மூன்று மணிக்குள் ஏறிவிட வேண்டும். நன்றாகக் குலுக்கும், அதனால் அம்மம்மாவை முன் சீற்றில் இருத்துங்கள்.

ஏ9 வீதியில் மரதன்கடவல வரை போய் இடப்பக்கம் திரும்பினால் ஹபரணை. விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிடுங்கள், ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர் விரிந்து கிடப்பதைப் பிள்ளைகள் வெயில் ஏற முன் பார்க்கட்டும். அப்புறம் கிளிநொச்சி தாண்டி முறிகண்டிப் பிள்ளையாரடியில் கட்டாயம் நில்லுங்கள், கற்பூரம் கொளுத்திவிட்டு ஆளுக்கொரு சரை கச்சான் வாங்கிக் கொடுத்தால் வவுனியா வரை பின்சீற்றில் சண்டை வராது.

சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படி. அம்மம்மா கீழே தண்ணீர்த் தோட்டத்தில் நிழலில் இருக்கட்டும், அவவோடு பெரியவர் ஒருவரும் நில்லுங்கள்.