லைசென்ஸுக்காக நின்ற வரிசைக்கு யார் கணக்குச் சொல்வது? – வாசகர் கேள்விகள்

கேள்வி: பொதுத் தெரிவுக் கோட்பாடு என்றால் "அரசியல்வாதிகள் எல்லாரும் திருடர்கள்" என்பதுதானே?

இல்லை. இந்தக் கோட்பாட்டை வளர்த்த அமெரிக்க அறிஞர்கள் புக்கானனும் டல்லக்கும் 1962-ல் எழுதிய புத்தகத்தில் நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டிருக்கலாம். கடையில் பேரம் பேசுகிற அதே மனிதன்தான் ஓட்டுப் போடுகிறான், கோப்பு பார்க்கிறான், சட்டசபையிலும் உட்காருகிறான்; இடம் மாறியதும் அவன் தியாகியாகிவிடுவான் என்று கணக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான். ஆளைத் திட்டாதீர்கள், விதியைப் பாருங்கள்.

கேள்வி: அரசுத் துறைகள் மார்ச் மாதத்தில் மட்டும் இப்படி ஓடி ஓடிச் செலவழிப்பது ஏன்?

மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதி. மிச்சம் பிடித்த அதிகாரிக்குப் பாராட்டு கிடையாது, அடுத்த வருஷ ஒதுக்கீட்டில் வெட்டு விழும் என்ற பயம்தான் உண்டு. கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம் என்று மத்திய நிதி அமைச்சகம் உச்சவரம்பு வைத்தது இதனால்தான்.

கேள்வி: லஞ்சம் என்பது ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகும் பணம். நாட்டுக்கு இதில் என்ன நஷ்டம்?

இந்த வாதத்தைப் படித்தவர்களே சொல்லும்போது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நஷ்டம் கைமாறிய பணத்தில் மட்டும் இல்லை, லைசென்ஸ் மாதிரி ஒரு அரசுச் சலுகையைப் பிடிக்க எல்லாரும் செலவழித்ததில் இருக்கிறது. டல்லக் 1967-லேயே இதைச் சொன்னார். 1974-ல் பொருளாதார அறிஞர் ஆன் குரூகர் இப்படிச் சலுகை ஆதாயத்துக்காக அலைவதற்கு 'ரென்ட் சீக்கிங்' என்று பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று நம் நாடுதான். மூலப்பொருள் இறக்குமதி லைசென்ஸை ஆலையின் உற்பத்தித் திறனைப் பார்த்துப் பங்கு போட்டால் முதலாளி என்ன செய்வார்? இருக்கிற மெஷினே பாதி நேரம் சும்மா நிற்கும்போது இன்னும் நாலு மெஷின் வாங்கிப் போடுவார், ஏனென்றால் மெஷின் கூடினால் லைசென்ஸ் கூடும். அந்த இரும்பு, சிமென்ட், அந்நியச் செலாவணி எல்லாம் போச்சு. அப்புறம் டெல்லியில் ஒரு ஆபீஸ், அதில் ஒரு ஆள், கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று பார்ப்பதே அவர் வேலை. அவர் வேறு எதையாவது உருப்படியாகச் செய்திருக்கலாம். லைசென்ஸ் கிடைக்காமல் போனவர் செய்த செலவையும் சேருங்கள். 1964-ல் இப்படிப் போட்டி போட்டுப் பிடிக்கக் கிடந்த ஆதாயத்தின் மதிப்பு தேசிய வருமானத்தில் சுமார் 7 சதவீதம் என்று குரூகர் கணக்கிட்டார், பெரும்பங்கு இறக்குமதி லைசென்ஸிலிருந்து. தயவுசெய்து இந்த 7-ஐ லஞ்சத் தொகை என்று எங்கும் எழுதாதீர்கள். லஞ்சமே வாங்காத அதிகாரிகள் இருந்தாலும் அந்த வரிசையும் அந்த மெஷின்களும் இருந்திருக்கும். மறுபடியும் அதேதான்: விதியைப் பாருங்கள்.

கேள்வி: கோடிக்கணக்கானோர் நஷ்டப்படும் திட்டம் ஜனநாயகத்தில் எப்படி நிலைக்கிறது?

அமெரிக்கச் சர்க்கரையைப் பாருங்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அங்கே விலை பல வருஷங்கள் உலக விலையைப்போல் இரண்டு மடங்கு வரை இருந்திருக்கிறது. லாபம் சில ஆயிரம் பண்ணைகளுக்கும் ஆலைகளுக்கும். செலவு முப்பது கோடிக்கும் மேற்பட்டவர்கள் தலையில், ஆளுக்கு வருஷத்துக்குச் சில டாலர். அந்தச் சில டாலருக்காக யார் வாஷிங்டன் போவார்கள்? பொருளாதார அறிஞர் மான்கர் ஓல்சன் 1965-ல் விளக்கியது இதைத்தான்.

கேள்வி: வாக்களிப்பு முறைகளைப் பற்றிப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ நிறுவிய தேற்றத்தை ஒரே வரியில் சொல்லுங்கள்.

மூன்று வேட்பாளர்கள் வந்துவிட்டால், தரவரிசைப்படி வாக்களிக்கும் எந்த முறையாலும், ஒரே ஆளின் விருப்பம் எல்லாருடைய முடிவாகிவிடக் கூடாது என்பது போன்ற நியாயமான நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. "தேர்தலே வீண்" என்று அதற்குப் பொருள் இல்லை.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் தனியாருக்கு விட்டுவிடலாமே?

யார் அப்படிச் சொன்னது? ஏலமில்லாமல் கொடுக்கும் தனியார் உரிமத்துக்கும் இதே வரிசைதான் நிற்கும். அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமும் இந்தத் துறைக்காரர்தான், 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார். நேபாளத்தில் விவசாயிகளே கட்டி, தாங்களே முறைவைத்துப் பாய்ச்சிய வாய்க்கால்கள் பல, அரசு கட்டிக் கொடுத்தவற்றைவிட நன்றாக நடந்ததை அவர் காட்டினார். அங்கே சொந்தக்காரர் அரசும் இல்லை, கம்பெனியும் இல்லை. யாருக்கு எப்போது தண்ணீர், வாய்க்கால் தூர்வார வராதவருக்கு என்ன அபராதம் என்பதைத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களே பேசி முடிவு செய்தார்கள்.