கூரை ஒழுகும்போது டிஸ்னி சண்டை: யார்மீது வழக்குப் போடுவது?

கேள்வி: ஃப்ளோரிடா மாநிலத்தில், டாம்பாவுக்கு அருகே 2007இல் கட்டிய வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். 2024 அக்டோபரில் மில்டன் புயல் எங்கள் கூரையைச் சேதப்படுத்தியது. ஒரு வாரத்துக்குள் காப்பீட்டுப் பணம் கேட்டு க்ளெய்ம் கொடுத்தோம். சேதம் 6,300 டாலர்தான், புயலுக்கான டிடக்டிபிள், அதாவது முதலில் நாங்களே ஏற்க வேண்டிய தொகை, 8,000 டாலர், எனவே ஒன்றும் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லிவிட்டது. இப்போது கான்ட்ராக்டர் கூரையின் மேலே வேய்ந்த ஷிங்கிள் தகடுகளைப் பிரித்துப் பார்த்தால், அடியிலுள்ள பலகைகள் நீரில் ஊறி இற்றுப்போயிருக்கின்றன. கூடுதலாக 11,000 டாலர் ஆகும் என்கிறார். இதற்கிடையில், கூரைக்குப் பதினைந்து வயது தாண்டிவிட்டதால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிறுவனத்தின் கடிதம் வந்திருக்கிறது. நான்கே ஆண்டுகளில் எங்கள் பிரீமியம் 2,100 டாலரிலிருந்து 5,800 டாலராக உயர்ந்துவிட்டது. இத்தனை காலமும் டிவியைப் போட்டால் ஆளுநருக்கும் டிஸ்னி நிறுவனத்துக்கும் நடந்த சண்டை, பள்ளி நூலகப் புத்தகச் சண்டைதான். மக்களைத் திசைதிருப்பியதற்காகவும், காப்பீட்டு நிறுவனங்களைப் பற்றிய அறிக்கையை மறைத்ததற்காகவும் அரசியல்வாதிகள்மீது வழக்குப் போட முடியுமா? எங்களுக்கு என்ன வழி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அரசியல்வாதிகள்மீது போட முடியாது. காப்பீட்டு நிறுவனத்தின்மீது போட முடியும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் காலண்டரில் 2026 ஏப்ரல் 9ஆம் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கோபத்துக்கு வருகிறேன், அது நியாயமான கோபம். 2022 மார்ச்சில் முடிந்த ஃப்ளோரிடா சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடரில் வீட்டுக் காப்பீட்டுக்கு ஒரு சட்டமும் நிறைவேறவில்லை. அப்போதே நிறுவனங்கள் சரியத் தொடங்கியிருந்தன. பிப்ரவரியில் செயின்ட் ஜான்ஸ் திவாலானது, மார்ச்சில் அவதார் திவாலானது. வேறு நிறுவனம் கிடைக்காதவர்களுக்கென்று மாநில அரசே நடத்தும் சிட்டிசன்ஸ் காப்பீட்டுக் கழகத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தொடர் நாட்டுக்குத் தந்த பெரும் விவாதம், பள்ளிகளில் பாலின அடையாளம் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். டிஸ்னி அதை எதிர்த்தது. ஏப்ரலில் நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளுக்காகச் சிறப்புக் கூட்டத்தொடர் கூடியபோது, ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கடைசி நேரத்தில் இன்னொரு பொருளையும் சேர்த்தார். டிஸ்னி பூங்கா இருக்கும் பகுதிக்கு 1967 முதல் இருந்துவந்த ரீடி க்ரீக் என்ற தனி நிர்வாக மாவட்டத்தைக் கலைக்க வேண்டும் என்பதுதான் அது. சில நாள்களில் அந்தச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. ஆளுநரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஜெஃப் பிராண்டஸே, காப்பீட்டுக்காகச் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்ட வேண்டும் என்று அப்போது குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்.

மே மாதத்தில் அந்தக் கூட்டத்தொடரும் நடந்தது, மூன்று நாள். டிசம்பரில் இன்னொன்று, அதுவும் மூன்று நாள். உங்கள் வழக்கின் தலையெழுத்தை எழுதியவை இந்த ஆறு நாள்கள்தான். டிஸ்னி சண்டையின் ஒவ்வொரு திருப்பத்தையும் அறிந்த, வழக்கறிஞரான என்னிடம் வரும் பலருக்கு, 2022 டிசம்பரில் தங்கள் உரிமைகளில் எவை போயின என்பது இன்றுவரை தெரியாது. எனக்கு வேதனை தருவது அதுதான். டிஸ்னியும் மாநிலத் தரப்பும் 2024 மார்ச்சில் சமரசம் செய்துகொண்டு போய்விட்டன. உங்கள் பிரீமியம் சமரசமாகவில்லை.

மறைக்கப்பட்ட அறிக்கை என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையான விஷயம். ஃப்ளோரிடாவின் காப்பீட்டு ஒழுங்குமுறை அலுவலகமே ஏற்பாடு செய்த ஆய்வு அது. வரைவு 2022லேயே தயாராகிவிட்டது. 2017 முதல் 2019 வரை ஃப்ளோரிடாவின் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 43 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டின. அதே காலத்தில் அவற்றின் துணை நிறுவனங்கள் 1,400 கோடி டாலர் சம்பாதித்தன என்று அந்த ஆய்வு சொன்னது. வீட்டுக்காரர் கட்டும் பிரீமியம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து நிர்வாகக் கட்டணம், க்ளெய்ம் பார்க்கும் கட்டணம் என்ற பெயர்களில் அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்குப் போகிறது. கடைசியில் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் நட்டம் மட்டும் மிஞ்சுகிறது. இந்த ஆய்வு சட்டமன்ற உறுப்பினர்கள் கைக்குப் போகாமலே 2022இன் சட்டங்கள் நிறைவேறின. பத்திரிகையாளர்கள் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பிறகுதான் சட்டமன்றம் விசாரணைக் கூட்டம் வைத்தது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2019இல் பதிவான வீட்டுக் காப்பீட்டு வழக்குகளில் முக்கால் பங்கு ஃப்ளோரிடாவில்தான் என்று ஒழுங்குமுறை அலுவலகத்தின் கணக்கு சொல்கிறது. க்ளெய்ம்களிலோ ஃப்ளோரிடாவின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. வழக்கறிஞர்களும் கூரை கான்ட்ராக்டர்களும் சேர்ந்து நடத்திய கொள்ளை பொய்யல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்காக எடுக்கும் மறுகாப்பீட்டின் விலை ஏறியதும், 2022 செப்டம்பரில் இயன் புயல் அடித்ததும் பொய்யல்ல. ஆனால் நட்டக் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டு மக்களின் உரிமையைக் குறைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தவறுக்கு நீதிமன்றத்தில் பரிகாரம் கிடைக்காது. சட்டம் இயற்றுவதிலும், எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதிலும் உறுப்பினர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கொள்கை முடிவுகளில் அரசுக்கும் உண்டு. ஆளுநரையோ மாநில சட்டமன்ற உறுப்பினரையோ பதவிக்காலத்தின் நடுவே திரும்பப் பெறவும் ஃப்ளோரிடாவில் வழியில்லை. அது உள்ளாட்சிப் பதவிகளுக்கு மட்டும்தான். உங்கள் கையில் இருப்பது வாக்குச்சீட்டும், மாநில அரசியலமைப்பே உறுதிசெய்யும் பொது ஆவண உரிமையும். அந்த உரிமையைச் சிறிதாக எண்ணாதீர்கள், மேலே சொன்ன அறிக்கையை வெளியே கொண்டுவந்ததே அதுதான். உங்கள் நிறுவனம் கட்டண உயர்வுக்குத் தாக்கல் செய்த விண்ணப்பத்தை ஒழுங்குமுறை அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். பொது விசாரணை நடந்தால் பாலிசிதாரரும் பேசலாம், எழுத்தில் கருத்து அனுப்பலாம்.

இனி உங்கள் கூரை. சட்டத்தின் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

2022 டிசம்பர்ச் சட்டப்படி, புதிய க்ளெய்மையும் மறுதிறப்பு க்ளெய்மையும் சேத நாளிலிருந்து ஓராண்டுக்குள் தெரிவிக்க வேண்டும். துணை க்ளெய்முக்குப் பதினெட்டு மாதம். புயலென்றால் அது கரையைக் கடந்த நாள்தான் சேத நாள். மில்டன் 2024 அக்டோபர் 9 இரவு சியெஸ்டா கீ அருகே கரையைக் கடந்தது. ஆகவே துணை க்ளெய்முக்குக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 9. ஏற்கெனவே தெரிவித்த அதே சேதத்துக்குக் கூடுதல் பணம் கேட்பது மறுதிறப்பு. அதே புயலால் ஏற்பட்டு, நிறுவனம் முன்பு கணக்கில் எடுக்காத கூடுதல் சேதத்துக்குக் கேட்பது துணை க்ளெய்ம். ஷிங்கிளுக்கு அடியில் இற்றுப்போன பலகைகள் இரண்டாவது வகை. சேதத்தை மதிப்பிடும் நிறுவனத்தின் அட்ஜஸ்டர் தொலைபேசியில் சாதாரணமாக, "பழைய ஃபைலை மறுபடி திறக்கிறோம்" என்பார். "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். ஓராண்டு கடந்துவிட்டது என்று அதையே காட்டிக் கதவைச் சாத்தலாம். நீங்கள் எழுதும் கடிதத்தின் தலைப்பிலேயே "துணை க்ளெய்ம்" என்று தெளிவாக எழுதுங்கள். கான்ட்ராக்டரின் மதிப்பீட்டையும், பிரித்த இடத்தில் எடுத்த புகைப்படங்களையும் இணைத்து, கையெழுத்திட்டுப் பெறும் தபாலில் அனுப்புங்கள். அந்தப் பலகைகளில் இரண்டு மூன்று துண்டுகளை எறியாமல் வைத்திருங்கள்.

ஒப்புக்கொண்டால் கணக்கு எளிது: 6,300, 11,000 இரண்டையும் கூட்டினால் 17,300. அதில் 8,000 டிடக்டிபிள் போக 9,300 டாலர் உங்களுக்கு வர வேண்டும். இரண்டுமே ஒரே புயலின் சேதம் என்பதால் டிடக்டிபிளை இரண்டாவது முறை கழிக்கக் கூடாது. நிறுவனம் ஏழு நாளுக்குள் உங்கள் கடிதம் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்; அறுபது நாளுக்குள் பணம் தர வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். 2022க்கு முன் இது தொண்ணூறு நாள். அந்தச் சட்டம் வீட்டுக்காரருக்குச் செய்த நன்மைகளில் இது ஒன்று.

அடுத்தது, பாலிசியைப் புதுப்பிக்க மறுத்த கடிதம். இதற்கு இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன, இரண்டையும் எந்த வரிசையில் எடுக்கிறீர்கள் என்பது மிக முக்கியம். அவசரநிலை அறிவிக்கப்பட்ட புயலில் சேதமான வீட்டின் பாலிசியை, பழுது பார்த்து முடித்துத் தொண்ணூறு நாள் ஆகும்வரை ரத்து செய்யவோ புதுப்பிக்க மறுக்கவோ கூடாது என்கிறது ஃப்ளோரிடா சட்டத் தொகுப்பின் 627.4133 பிரிவு. பிரீமியம் கட்டாதது, மோசடி, வீட்டுக்காரரே பழுதை நியாயமின்றித் தாமதித்தது போன்றவை விதிவிலக்குகள். உங்கள் கூரை இன்னும் சீராகவில்லை. தாமதம் உங்களால் அல்ல என்று காட்டக் கான்ட்ராக்டர்களோடு நடந்த மின்னஞ்சல்களை எல்லாம் சேகரியுங்கள். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள்.

இரண்டாவது ஆயுதம் 627.7011 பிரிவு. பதினைந்து வயது தாண்டிய கூரையாக இருந்தாலும், தகுதியுள்ள ஆய்வாளர் பார்த்து இன்னும் ஐந்தாண்டு தாங்கும் என்று சான்று தந்தால், வயதை மட்டுமே காரணமாகச் சொல்லிப் பாலிசியை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சான்றை இப்போது வாங்காதீர்கள். ஒரு கையால் "புயலில் கூரை கெட்டுப்போனது, பணம் கொடு" என்று கேட்டுக்கொண்டே, மறு கையால் "கூரை நன்றாக இருக்கிறது" என்ற அறிக்கையை நீட்டினால், உங்கள் க்ளெய்மை உடைக்க வேறு சாட்சியம் வேண்டாம். முதலில் க்ளெய்ம், பிறகு பழுது, அதன்பின் ஆய்வு. கூரை முழுவதையும் புதிதாகப் போட நேர்ந்தால் அதன் வயது அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும், அப்போது இந்தத் தகராறே இல்லை.

நிறுவனம் மசியவில்லை என்றால், வழக்குக்கு முன் மாநில நிதிச் சேவைத் துறையின் மத்தியஸ்தத்தைக் கேளுங்கள். 877-693-5236 என்ற உதவி எண்ணில் விவரம் சொல்வார்கள். செலவு முழுவதும் நிறுவனத்துடையது. அங்கே ஓர் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபின் மனம் மாறினால், மூன்று வேலைநாளுக்குள் விலகலாம். காசோலையை வங்கியில் போட்டுவிட்டால் முடியாது.

வழக்கைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். 1893 முதல் ஃப்ளோரிடாவில் ஒரு விதி இருந்தது: காப்பீட்டு நிறுவனத்தோடு வழக்காடி வென்றால், உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனமே தர வேண்டும். 2022 டிசம்பரில் வீட்டுக் காப்பீட்டுக்கு அது ஒழிந்தது. 9,300 டாலருக்கு வழக்குப் போட்டால் என்னைப் போன்றவரின் கட்டணம் அந்தப் பணத்திலிருந்தே போகும். முன்பு இப்படிப்பட்ட வழக்கைத் தயங்காமல் எடுத்தவர்கள் இன்று எடுக்க யோசிக்கிறார்கள். அதனால்தான் மத்தியஸ்தத்தில் முடிப்பது நல்லது என்கிறேன். ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடரச் சேத நாளிலிருந்து ஐந்தாண்டு இருக்கிறது. தொடரும் முன் பத்து வேலைநாள் அவகாசம் தந்து முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.

"க்ளெய்மை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன்" என்று எந்தக் கான்ட்ராக்டர் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2023 ஜனவரி முதல் வழங்கப்பட்ட பாலிசிகளில் அப்படி எழுதிக் கொடுப்பது செல்லாது.

புதிய பாலிசி தேடும் வேலையையும் கூடவே நடத்துங்கள். தனியார் நிறுவனம் தரும் விலை, சிட்டிசன்ஸ் விலையைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடவில்லை என்றால் சிட்டிசன்ஸ் உங்களை ஏற்காது. சேர்ந்த பிறகு, உங்களை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றப்போவதாகச் சிட்டிசன்ஸிலிருந்து கடிதம் வரலாம். பதில் எழுதாமல் விட்டால் பாலிசி தானாகவே மாறிவிடும், ஆகவே வரும் தபால் எதையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். சிட்டிசன்ஸ் பாலிசிக்கு வெள்ளக் காப்பீட்டையும் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறார்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

என்ன ஆனாலும் ஒரு நாள்கூடக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது. இடைவெளி விழுந்தால் வீட்டுக் கடன் தந்த வங்கி, தானே ஒரு பாலிசியை எடுத்து அதன் பிரீமியத்தை வரிக்கும் காப்பீட்டுக்குமாகக் கடன் தவணையோடு நீங்கள் கட்டும் எஸ்க்ரோ கணக்கில் ஏற்றும். விலை அதிகம், அது காப்பது வங்கியின் கடனைத்தான். உங்கள் உடைமைகளை அல்ல. அப்படிச் செய்வதற்கு 45 நாள் முன்னதாக வங்கி உங்களுக்கு எழுத வேண்டும். கடிதம் வந்தால் பாலிசி நகலை அன்றே அனுப்பிவையுங்கள். நிறுவனத்தின் மறுப்புக் கடிதம், மதிப்பீட்டு அறிக்கை, பாலிசியின் முழுப் பிரதி மூன்றையும் எனக்கு அனுப்பினால், துணை க்ளெய்ம் கடிதத்தின் வாசகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.