பில் காசும் மார்ச் 31-உம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (பரந்தன் வாசகர்): நான் சின்னக் கொன்றாக்டர். போன வருசம் பிரதேச சபையிலை 60 இலட்சத்துக்கு ஒரு உள்ரோட்டு வேலை எடுத்தனான். அட்வான்ஸ் 12 இலட்சம் வந்தது, பிறகு முதல் பில்லுக்கு 21 இலட்சம் செக் வந்தது. வரி வருசம் முடியிற மார்ச் 31 வரைக்கும் வருமானம் 33 இலட்சம் எண்டு எழுதி வைச்சிருக்கிறன். கணக்குப் பாக்கிறவர் பிழை எண்டுறார். பாங்க் புத்தகத்திலை 33 தானே இருக்கு?

பதில்: தம்பி, பாங்க் புத்தகம் பொய் சொல்லேல்லை, ஆனா அது உங்கட வருமானக் கணக்கு இல்லை. செக்கோட வந்த வவுச்சரை எடுத்து முன்னாலை வையுங்கோ. 21 இலட்சம் எண்டு கடைசி வரியிலை இருக்கும், அதுக்கு மேலை இருக்கிற வரியளைத்தான் கனபேர் வாசிக்கிறேல்லை. ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) அளந்து ஒப்புக்கொண்ட வேலை 30 இலட்சமா இருக்கும், அதிலை 10% ரிட்டென்சன், அதாவது வேலையிலை குறை வந்தாத் திருத்தவெண்டு பிடிச்சு வைக்கிற காசு, 3 இலட்சம் பிடிச்சிருப்பினம், அட்வான்ஸிலை 6 இலட்சம் திருப்பிக் கழிச்சிருப்பினம், மிச்சம் 21. உங்கட ஒப்பந்தத்திலை ரிட்டென்சனுக்கு உச்ச எல்லை மொத்தத் தொகையிலை 5% எண்டு இருந்தா அதுவும் 3 இலட்சம்தான், அப்ப அடுத்த பில்லிலை இனி வெட்டக்கூடாது, வெட்டினா கேளுங்கோ.

இப்ப எழுதுற விதம். வருமானம் 30 இலட்சம். அந்த 3 இலட்சம் உங்கட காசு, சபையின்ரை கையிலை நிக்குது, வரவேண்டியவை எண்ட பக்கத்திலை போகோணும். அட்வான்ஸ் வந்த அண்டைக்கு 12 இலட்சமும் உங்கட கடன், வேலை செய்து தீர்க்கவேண்டிய கடன், இப்ப அதிலை 6 தீர்ந்திட்டுது, 6 இன்னும் நிக்குது. நீங்கள் அந்தக் கடனையும் வருமானம் எண்டு போட்டியள், வரவேண்டிய 3-ஐயும் விட்டிட்டியள், அதாலைதான் 30 இருக்கவேண்டிய இடத்திலை 33 வந்து நிக்குது. இல்லாத 3 இலட்சத்துக்கு வரி கட்டப் பாத்தியள், அதைத்தான் அவர் பிழை எண்டு சொன்னவர், அவர் நல்ல மனுசன்.

இதோட முடியேல்லை. மார்ச் 31 அண்டைக்கு செய்து முடிச்சு இன்னும் அளக்காத வேலை இருந்தா அதையும் கணக்கிலை எடுக்கோணும். சைட்டிலை இறக்கின கிறவல், மிஞ்சின சீமெந்துப் பை, ட்ரம்மிலை நிக்கிற டீசல் எல்லாம் அண்டைக்குப் பின்னேரம் போய் நிண்டு எண்ணி ஒரு கொப்பியிலை எழுதி, சைட்டிலை நிண்ட ஒருத்தரிட்டை கையெழுத்து வாங்கி வையுங்கோ. ஏப்ரல் நடுவிலை புதுவருசத்துக்குச் சாமான் வாங்கப் போற அவசரத்திலை மனசிலை நினைச்சு எழுதினா அது கையிருப்புக் கணக்கு இல்லை. இன்னொண்டு, 50 இலட்சத்துக்கு மேலை போற அரசாங்க ரெண்டருக்கு 1987ஆம் ஆண்டு 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி கம்பனிப் பதிவாளரிட்டை பதியோணும், அந்தப் பதிவுத் துண்டையும் கட்டின காசுத் துண்டையும் இதே பைலிலை போடுங்கோ, அதுவும் செலவுதான்.

கேள்வி (துணுக்காய் வாசகர்): அரசாங்கத்துக்கு டிசம்பர் 31-இலை வருசம் முடியுது, எங்களுக்கு மார்ச் 31. டிசம்பரிலை மழை, வேலை ஓடாது. "முடிஞ்சுது எண்டு கடிதம் தாங்கோ, இல்லாட்டி ஒதுக்கின காசு திரும்பிப் போயிடும்" எண்டு கேக்கினம். குடுக்கலாமோ?

பதில்: குடுக்காதேங்கோ அண்ணை. உங்கட இக்கட்டு எனக்கு விளங்குது. வன்னியிலை மாரி மழையும் அரசாங்கத்தின்ரை வருச முடிவும் ஒண்டா வந்து நிக்கும், குளம் வான் பாயேக்கை ரோட்டுக்கு ரோலர் போடேலாது, அது கொழும்பிலை இருந்து ஒதுக்கீடு போடுறவைக்குத் தெரியாது. ஆனா செய்யாத வேலையை முடிஞ்சதெண்டு எழுதினா, அந்தக் காசு டிசம்பரிலை உங்கட கணக்குக்கு வந்திடும், வேலைச் செலவு பெப்ரவரியிலை வரும், ஜனவரியிலை ஓடிட் வந்து அளந்தா மாட்டுப்படுறது உங்கட கையெழுத்து. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்பிடி ஒரு ஒபிஸுக்குக் கடிதம் குடுத்து, பிறகு ஒரு வருசமா அதுக்கு விளக்கம் எழுதிக்கொண்டு திரிஞ்சவர், கேட்டு வாங்கின ஆக்கள் மாற்றமாகிப் போயிட்டினம். செய்த அளவுக்கு மட்டும் அளவெடுக்கச் சொல்லுங்கோ, டிசம்பர் நடுப்பகுதிக்கு முன்னம் பில்லைக் குடுங்கோ, மிச்ச வேலைக்கு மழை நாளை ஒவ்வொண்டாக் குறிச்சு காலநீடிப்பு கேட்டு எழுத்திலை குடுத்து, பிரதியிலை திகதிச் சீல் வாங்குங்கோ.

மழை எண்டா ஒரு விசயம் சொல்லோணும். 2018 டிசம்பர் வெள்ளத்திலை கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள்ளை கிடந்த நேரம் நான் கணக்கு எழுதிக் குடுத்த ஒரு வீட்டிலை எல்லாத் துண்டும் யூரியாப் பையிலை கட்டி மேசைக்குக் கீழை கிடந்தது. மூண்டு நாள் அடுப்படியிலை கொடி கட்டிக் காயப்போட்டம். பேனையாலை எழுதினது எல்லாம் நீலமாப் பரவிப் போச்சு, காபன் பேப்பர் வைச்சு எழுதின பிரதி மட்டும் அப்பிடியே வாசிக்கக்கூடியதா இருந்தது. டீசல் அடிக்கிற இடத்திலை தாற மினுமினுப்பான துண்டு வெள்ளமே வேண்டாம், ரிப்பர் டாஷ்போர்ட்டிலை வெயிலுக்குக் கிடந்தாலே வெள்ளைப் பேப்பராப் போயிடும். வாங்கின அண்டைக்கே போனிலை படம் எடுங்கோ. இறைவரித் திணைக்களத்துக்கு 5 வருசம் வரைக்கும் இந்தத் துண்டுகள் காட்டக்கூடியதா இருக்கோணும்.

கேள்வி (ஒட்டுசுட்டான் வாசகி): வீட்டுக்காரர் 2019-இலை செய்த ஒரு மதகு வேலைக்கு பாதி ரிட்டென்சன் இன்னும் வரேல்லை. இப்ப கேக்கலாமோ?

பதில்: கேக்கலாம் தங்கச்சி, ஆனா சுணங்காமல். ரிட்டென்சனிலை பாதி வேலை ஒப்படைக்கேக்கையும் மற்றப் பாதி வழமையா ஒரு வருசக் குறைதிருத்தக் காலம் முடிஞ்சும் வரும். அது தானா வராது, குறை ஒண்டும் இல்லை எண்ட அத்தாட்சியோட நீங்கள்தான் எழுதிக் கேக்கோணும். திணைக்களத்தின்ரை வைப்புக் கணக்கிலை ரெண்டு வருசத்துக்கு மேலை கேப்பாரில்லாமல் கிடக்கிற காசை அரசாங்க நிதிப் பிரமாணம் 571-இன்படி அரச வருமானத்துக்கு மாத்துவினம். அப்பிடி மாத்தியிருந்தாலும் வேலையின்ரை பேர், வவுச்சர் இலக்கம், பிடிச்ச திகதி மூண்டையும் போட்டு கணக்காளருக்குக் கடிதம் குடுங்கோ. உங்கட வீட்டுக்காரரின்ரை கணக்கிலை இந்தக் காசை வரவேண்டியவையா எழுதியிருக்கோ எண்டும் பாருங்கோ, அது இல்லாததாலைதான் கனபேர் தங்கட காசையே மறக்கினம்.

கேள்வி (மல்லாவி வாசகர்): நாட்கூலிக்கு வாற பெடியளுக்கும் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டோணுமோ?

பதில்: ஓம். நாட்கூலி, நிரந்தரமில்லாத ஆள் எண்டு பாக்கிறேல்லை. ஆளிட்டை 8%, உங்கட பங்கு 12%, ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3% அதுவும் உங்கட காசிலை. ஒரு பெடியன் மாசம் 50,000 உழைச்சா அவரிட்டை 4,000 பிடிக்கலாம், நீங்கள் 6,000-உம் 1,500-உம் போடோணும், உங்கட பங்கைச் சம்பளத்திலை வெட்டக்கூடாது. ரெண்டர் விலை போடேக்கையே இதைச் சேர்த்துப் போடுங்கோ. கூலிக் கொப்பியிலை அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் இருக்கட்டும், "கூலி – 3 இலட்சம்" எண்டு ஒரே வரியிலை எழுதினா இறைவரியும் ஏற்காது, உழைச்ச பெடியனுக்கும் வயசு போகேக்கை ஒண்டும் மிஞ்சாது.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இல்லை. பில்லிலை 18% போடலாமோ? வரித் திகதியளையும் சொல்லுங்கோ.

பதில்: பதிவு இல்லாட்டி ஒரு சதமும் போடக்கூடாது. 2024 ஜனவரி 1-இலை இருந்து பதிவு எல்லை வருசத்துக்கு 8 கோடியிலை இருந்து 6 கோடியாக் குறைஞ்சது, பட்ஜெற் வாற நேரமெல்லாம் இந்த எல்லையை ஒருக்காப் பாருங்கோ. வருமான வரிக்கு தவணைக் காசு ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15, மிச்சம் செப்டெம்பர் 30, விபரத்திரட்டு நவம்பர் 30. 2025 ஏப்ரலிலை இருந்து தனியாளுக்கு 18 இலட்சம் வரை விலக்கு இருக்கு. விலக்குக்குள்ளை வந்தாலும் திரட்டு குடுக்கச் சொல்லி இறைவரியிலை இருந்து கடிதம் வந்தா பேசாமல் விடாதேங்கோ, ரின் இலக்கத்தோட (உங்கட வரி அடையாள இலக்கம்) இறைவரி ஒபிஸுக்கு ஒரு நடை போய்க் கேளுங்கோ.