சிக்கும் பின்னலும்

அன்புள்ள டீச்சர்,
'காம்ப்ளெக்ஸ்', 'காம்ப்ளிகேட்டட்' இரண்டையும் தமிழில் 'சிக்கலான' என்றுதான் எழுதுகிறோம். என்ன வேறுபாடு? 'இன்ட்ரிகேட்' எதில் சேரும்? தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். இதற்கெல்லாம் தமிழ் போதாது என்று தோன்றுகிறது.
ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பி,

இரண்டு வாரமாக இதே சொல்தான் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'இன்ட்ரிகேட்'டை விடுங்கள், லத்தீனில் சில்லறைத் தொல்லைகளைக் குறிக்கும் 'ட்ரிக்கே'யிலிருந்து வந்தது, அவ்வளவுதான். 'காம்ப்ளிகேட்டட்' என்பதில் இருப்பது 'ப்ளிகாரே', மடிப்பது. 'காம்ப்ளெக்ஸ்' வேறு. அதில் இருப்பது 'ப்ளெக்தெரே', பின்னுவது. 'காம்ப்ளெக்ஸுஸ்' என்றால் லத்தீனில் தழுவல் என்றும் பொருள் உண்டு.

ஆனால் 'தமிழ் போதாது' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? லயத்துப் பிள்ளைக்குச் சிக்கு எது, பின்னல் எது என்று தெரியாதா? காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று, விடியாத இருட்டில் மண்ணெண்ணெய் விளக்கு முன் என்னை உட்கார வைத்து அம்மா தலை வாருவார். முதலில் சிக்கெடுப்பார், வலிக்கும், அழுதால் திட்டு விழும். அப்புறம் மூன்று காலாகப் பிரித்துப் பின்னுவார். சிக்கை எடுத்தால் முடி மிஞ்சும். பின்னலைப் பிரித்தால் பின்னலே இல்லை. 'காம்ப்ளெக்ஸ்' என்பதையும் சிக்கல் என்றே எழுதி எழுதி, ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பதையெல்லாம் கோளாறாகவே பார்க்கப் பழகிவிட்டோம்.

எங்கள் தோட்டத்தை விற்றபோது ஆபீசிலிருந்து வந்தவர், "உங்க விவகாரம் ரொம்பச் சிக்கல், ஒவ்வொண்ணா தீர்ப்போம்" என்றார். வேலைக்கு நஷ்டஈடு, வீட்டைக் காலி செய்ய ஒரு தேதி, கோயிலுக்கு வேறு இடம், பள்ளிக்கூடத்தைப் பிறகு பார்க்கலாம். வேலை போனால் லயத்து வீடு போகும், வீடு போனால் பள்ளியில் பிள்ளை இருக்காது, பிள்ளைகுட்டி இல்லாத இடத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு யார் வருவார்? அது பின்னல், தம்பி. ஒரு காலை உருவினார்கள், மற்றதெல்லாம் தானாக அவிழ்ந்தது. சிக்கெடுக்கிறோம் என்று சொல்லித்தான் உருவினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, 'காம்ப்ளிகேட்டட்' என்பதற்குச் 'சிக்கலான' இருக்கட்டும். மற்றதற்குப் 'பின்னலான' என்று தைரியமாக எழுதுங்கள், யாராவது சிவப்பு மையால் அடித்தால் என்னிடம் அனுப்புங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், நூலில் விழும் சிடுக்குக்கு அவர் என்ன சொல் வைத்திருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள், எனக்கு வேண்டும்.

அன்புடன்,
டீச்சர்