பட்டறைப் பக்கம்: பட்டரும் காவுதடியும்

இரும்பு, மரம், இயந்திரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கிளிநொச்சி லேத் பட்டறைக்காரர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: என் தம்பி நுவரெலியாவில் ஒரு விடுதியில் வேலை செய்கிறான். அங்கே கோல்ப் பழகி இப்போது அதே பைத்தியமாகத் திரிகிறான். லீவில் வந்தபோது ஒரு பழைய பட்டர் கொண்டுவந்தான். தடி மட்டும்தான், தலை இல்லை. "ஆரும் லேத் பட்டறையில குடுத்து ஒரு தலை செய்விச்சுத் தா அண்ணா" என்கிறான். செய்ய முடியுமா? பந்து நேரே குழிக்குள் போக அந்தத் தலை எப்படி இருக்கவேண்டும்?
- வாசகர், வட்டக்கச்சி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "பாணுக்குப் பூசுறதுக்கு என்னத்துக்கு லேத்?" என்று கேட்டாள். வாசகர்களில் பாதிப் பேரும் அதைத்தான் கேட்பார்கள். ஆகவே ஒரு வரி: கோல்பில் பந்தைத் தூர அடிக்கிற தடிகள் வேறு. பந்து குழிக்குக் கிட்ட வந்தபிறகு, ஒட்ட வெட்டிய புல்லில் அதை உருட்டிவிடுகிற தடிதான் பட்டர்.

செய்யலாம். ஆனால் நான் முதலில் செய்ததைப்போலச் செய்யக்கூடாது.

சில வருடங்களுக்கு முன் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த ஒருவர் உடைந்த பட்டரோடு பட்டறைக்கு வந்தார். சுத்தியல் தலை மாதிரி ஒன்றுதானே என்று நினைத்தேன். பித்தளைச் சட்டத்தில் 10 சென்ரிமீற்றர் நீளம், 2 அகலம், 2 உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். நிறை 340 கிராம் அளவில் வந்தது. கடைகளில் விற்கிற தலைகளும் கிட்டத்தட்ட 340, 360 கிராம்தான். முகம் பார்த்துத் தலை இழுக்கலாம், அவ்வளவு மினுக்கம். நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தில் தறப்பாளை இழுத்து விரித்து, கோயிற் செம்பு ஒன்றைச் சரித்து வைத்து உருட்டிப் பார்த்தோம்.

தலையில் பந்தை அடிக்கிற பக்கத்துக்கு முகம் என்று பெயர். முகத்தின் நடுவில் பட்ட பந்து நூல் பிடித்ததுபோலப் போனது. அரை அங்குலம் நுனிப் பக்கம், அதாவது அடிக்கிறவருக்குத் தூர உள்ள பக்கம், பட்டால் தலை கைக்குள் திரும்பியது. பந்து வலப்பக்கம் சரிந்தது, செம்புக்கு வந்து சேரவும் இல்லை. மனிசன் நல்லவர். "அண்ணை, வடிவெண்டா வடிவு. ஆனா என்ர கை ஒவ்வொரு தரமும் நடுவிலயே அடிக்கிற கை இல்லை" என்றார்.

அன்றிரவு படுத்திருந்து யோசித்தபோது ஐயாவின் காவுதடிதான் நினைவுக்கு வந்தது. இரண்டு தலைப்பிலும் பாரம் தொங்கக் காவுதடியோடு வருகிறவர் ஒழுங்கை முடக்கில் திரும்புகிற பாடு உங்களுக்குத் தெரியும்தானே? உடம்பு திரும்பிவிடும், தடி திரும்பாது. அதே பாரத்தை மூட்டையாகக் கட்டித் தோளில் வைத்தால் சட்டென்று திரும்பலாம். நம்பாவிட்டால் விளக்குமாற்றுத் தடியில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டிப் பாருங்கள். நடுவில் சேர்த்துக் கட்டி, தடியின் நடுவைப் பிடித்து இடம் வலமாக முறுக்குங்கள். பிறகு போத்தல்களை இரண்டு தலைப்புக்கும் நகர்த்திவிட்டு முறுக்குங்கள். நிறை அதேதான், மணிக்கட்டுத்தான் வித்தியாசம் சொல்லும்.

திரும்ப மறுக்கிற அந்தக் குணத்துக்குப் பௌதிகத்தில் சடத்துவத் திருப்பம் என்று பெயர். நிறையை, திரும்புகிற நடுவிலிருந்து அது இருக்கிற தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. வர்க்கம் என்பதால் தூரத்தை இரட்டித்தால் பலன் நாலு மடங்கு. நிறையை இரட்டித்தால் பலன் இரண்டு மடங்கு, கை வலி மிச்சம். பட்டர் தலையின் சூட்சுமம் முழுக்க இந்த வர்க்கத்துக்குள்தான் கிடக்கிறது.

அடுத்த தலைக்கு 12 சென்ரிமீற்றர் நீளம், 2.5 அகலம், 2.5 உயரமான பித்தளைச் சட்டம் எடுத்தேன். முழுதாக விட்டால் 600 கிராமைத் தாண்டும். முன்பக்கம் 5 மில்லிமீற்றர் சுவரை மட்டும் விட்டு, நடுவில் 7 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பின்னால் உள்ளதை எல்லாம் எடுத்தேன். மில்லிங் மெசின் என்னிடம் இல்லை. வரிசையாகத் துளை போட்டு, உளியால் தட்டி, அரத்தால் அராவினேன். இரண்டு நாள் போனது. மிஞ்சியவை நுனியில் ஒரு கட்டி, அடிக்கிறவருக்குக் கிட்ட உள்ள குதியில் ஒரு கட்டி, ஒவ்வொன்றும் 133 கிராம், நடுச் சுவர் 74 கிராம். கூட்டிப் பாருங்கள், பழைய 340தான். திரும்ப மறுக்கிற குணமோ கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல். தறப்பாளில் அரை அங்குலம் தள்ளிப்பட்ட பந்தும் செம்பின் விளிம்பைத் தொட்டது.

நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். பிறகு கனடாக்காரர்தான் சொன்னார், இதை 1959இலேயே ஒருவர் செய்துவிட்டாராம். கார்ஸ்டன் சோல்ஹைம். நோர்வேயில் பிறந்து அமெரிக்கா போன சப்பாத்துத் தொழிலாளியின் மகன். ஜெனரல் எலெக்ற்றிக் கம்பனியில் பொறியியலாளர். நாற்பது வயது கடந்துதான் கோல்ப் தடியைத் தொட்டார், பந்து குழிக்குள் போகாத கோபத்தில் சீனிக் கட்டியையும் ஐஸ்பழக் குச்சியையும் ஒட்டிப் பார்த்து, பாரம் இருக்கவேண்டிய இடம் நுனியும் குதியும் என்று கண்டார். வீட்டுக் கராஜில் செய்த முதல் பட்டர் பந்தில் பட்டபோது 'பிங்' என்று சத்தம் வந்தது. அதுவே அவர் தொடங்கிய கம்பனிக்கும் பெயராகிவிட்டது. 1966இல் இசைத்தட்டு உறை ஒன்றின்மேல் அவர் கீறிய வடிவத்தைத்தான் உலகம் இன்றைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறது. மனைவி அதற்கு 'பதில்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெயராகச் சொன்னாராம். தலையில் பொறிக்க இடம் போதாமல் ஓர் எழுத்தை விட்டுவிட்டு 'அன்சர்' என்று வைத்தார்கள். இந்தப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான தடி கிடையாது.

கேள்வி: மேலே உள்ள கடிதத்தில் வரும் தம்பி நான்தான். அண்ணா எழுதியது தெரிந்து நானும் எழுதுகிறேன். என் கூட்டாளியிடம் நீங்கள் சொல்வதுபோல இரு முனையிலும் பாரம் உள்ள நல்ல பட்டர் இருக்கிறது. அதால் அடித்தும் 10 அடியில் குழியைத் தவறவிடுகிறேன். பிழை தலையிலா, என்னிலா?
- வாசகர், நுவரெலியா

பதில்: மனம் நோகாதீர்கள் தம்பி, உங்களில்தான் இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். 10 அடி என்றால் 3048 மில்லிமீற்றர். முகம் ஒரே ஒரு பாகை திரும்பினால் அந்தத் தூரத்தில் பந்து 53 மில்லிமீற்றர் விலகும். குழியின் விட்டம் 108, நடுவிலிருந்து விளிம்புக்கு 54. ஆக ஒரு பாகை பிசகினாலே பந்து விளிம்பில் நின்று யோசிக்கும். இரண்டு பாகை பிசகினால் யோசிக்கவும் மாட்டாது.

பாரத்தை எங்கே வைத்தாலும், அது மன்னிப்பது பந்து முகத்தின் நடுவைவிட்டுத் தள்ளிப்பட்ட பிழையை மட்டுந்தான். முகத்தையே வேறு பக்கம் பார்க்கவைத்து அடித்தால் தலை என்ன செய்யும்? அது சொன்ன பக்கம் போகும். பட்டரில் பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம் பார்க்கிற பக்கம். தடி வீசிய பாதைக்கு அதில் சிறிய பங்குதான்.

எந்தப் பிழை உங்களுடையது என்று தெரிய முகத்தில் வெண்கட்டியைப் பூசி, இருபது பந்து உருட்டிப் பாருங்கள். பந்து தொட்ட இடத்தில் தூள் போயிருக்கும். அடையாளங்கள் ஒரு சதக் காசின் அளவுக்குள் அடங்கினால் உங்கள் கை நல்ல கை, குறி பார்ப்பதுதான் பிழை. அதற்குத் தலையின் மேற்புறத்தில் முகத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு வேண்டும். மூலைமட்டம் வைத்து ஊசியால் கீறி, வெள்ளைப் பெயின்ற் விட்டுத் துடைத்தால் சரி. அடையாளங்கள் அங்குமிங்கும் சிதறிக் கிடந்தால் பாரம் பிரிந்த தலை கைகொடுக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். தடியை ஒரு விரலில் கிடையாக நிறுத்துங்கள். சில பட்டர்களில் முகம் வானத்தைப் பார்க்கும், சிலவற்றில் நுனி கீழே தொங்கும். தடி எந்த இடத்தில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஊஞ்சல்போல நேர்கோட்டில் வீசுகிறவர்கள் வானம் பார்க்கிறதை விரும்புவார்கள். படலை திறந்து மூடுவதுபோல வளைத்து வீசுகிறவர்களுக்கு நுனி தொங்குகிறது ஒத்துவரும். உங்கள் வீச்சு எதுவென்று எழுதுங்கள், துளை போடுமுன் எனக்குத் தெரியவேண்டும்.

கேள்வி: பாலை, முதிரை மரத்தில் பட்டர் தலை செய்யலாமா? எங்களிடம் இல்லாத மரமா?
- வாசகர், மாங்குளம்

பதில்: அந்தக் காலத்தில் எல்லாம் மரத்தலைதான். ஸ்கொட்லாந்தில் நீண்ட மரத்தலையின் பின்பக்கத்தைக் குடைந்து ஈயம் வார்த்து, அடி விளிம்பு தேயாமல் செம்மறிக் கொம்புத் துண்டு பதித்தார்கள். பாலையும் முதிரையும் அதற்குத் தோதான வயிரம். ஆனால் எவ்வளவு வயிரமானாலும் மரம் மரம்தான், பித்தளையின் நிறையில் எட்டில் ஒரு பங்கு தேறினால் பெரிது. ஆகவே நுனியிலும் குதியிலும் ஈயம் தேவைப்படும். நடு இலேசாகவும் இரு முனையும் பாரமாகவும் வருவதால் உண்மையில் இது பித்தளையைவிட நல்ல யோசனை.

மரத்துக்குக் காட்டுக்குப் போகாதீர்கள், அனுமதியில்லாமல் தறித்தால் வழக்கு. பழைய வீட்டு நிலைத்துண்டு போதும், காய்ந்தும் இருக்கும். காய்ந்த மரம் என்று சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஈயம் உருக்கி ஊற்றும்போது குழிக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் நீராவியாகி ஈயத்தை முகத்துக்கு எறியும். என் இடது முழங்கைக்குக் கீழே ஐந்து சதக் காசு அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. அவசரத்தில் கழுவிய அச்சு அது. வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வர நின்று உருக்குங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். அதைவிட, குளிர்ந்த ஈயத் துண்டை அளவாக வெட்டி இறுக்கி அடித்து இறக்குவது நல்லது. நான் இப்போது அப்படித்தான்.

கேள்வி: பந்து நேராகப் போவதுதான் முக்கியம் என்றால் முழ நீளத்துக்கு ஒரு தலை செய்துவிடலாமே?
- மாணவி, மல்லாவி

பதில்: கெட்டிக்காரப் பிள்ளை. வர்க்கம் உமக்கு விளங்கிவிட்டது. விதி எழுதியவர்களுக்கும் விளங்கியதால்தான் நுனியிலிருந்து குதிக்கு 7 அங்குலம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். உயரம் இரண்டரை அங்குலத்துக்கு மேல் கூடாது. பின்பக்கம் நீட்டலாம், ஆனால் அகலத்தைவிட நீளம் கூடவாக இருக்கவேண்டும். தடி நிலைக்குத்திலிருந்து குறைந்தது 10 பாகையாவது சரிந்திருக்கவேண்டும், நான் 20 வைக்கிறேன். முகமும் 10 பாகைக்கு மேல் மல்லாரக்கூடாது. வழக்கத்தில் 3 அல்லது 4 போதும். புல்லில் பந்து சிறிய பள்ளத்தில் அமர்ந்திருக்கும், அதிலிருந்து கிளப்பிவிட மட்டும் அந்தச் சரிவு.

விதிகாரர்கள் சில வேளை மூக்குச் சிவந்தும் விதி எழுதுவார்கள். 1904இல் வால்டர் ட்ராவிஸ் என்ற அமெரிக்கர், தலையின் நடுப்பக்கம் தடி ஏறிய பட்டரோடு போய்ப் பிரித்தானிய அமெச்சூர் பட்டத்தை வென்றுவிட்டார். சில வருடங்களில் அந்த வகைத் தடியை அங்கே தடை செய்தார்கள். தடை நீங்க 1950கள் வரை எடுத்தது.

கேள்வி: வன்னியில் ஒரு கோல்ப் மைதானமும் கிடையாது. வாய்க்கால் பம்ப், உழவு மெசின் பற்றி எழுதவேண்டிய பக்கத்தில் பணக்காரர் விளையாட்டு எதற்கு?
- வாசகர், முள்ளியவளை

பதில்: உண்மைதான் ஐயா, இங்கே இல்லை. கொழும்பில் 1879இலிருந்து இருக்கிறது, நடுவால் ரயிலும் ஓடுகிறது. நுவரெலியாவில் 1889இலிருந்து. இங்கே இருந்தாலும் மாடுதான் மேயும்.

எனக்கு இது மூன்றாவது லேத். முதலாவது 1995இல் யாழ்ப்பாணத்திலும் இரண்டாவது 2009இல் புதுக்குடியிருப்பிலும் நின்றுபோயின. இந்த மூன்றிலும் நான் கடைந்தது பம்ப் தண்டு, லாண்ட்மாஸ்டர் புஷ், கிணற்றுக் கப்பி. தேவைக்குச் செய்த சாமான்கள். இரண்டு பெரிய மனிதர்கள் தறப்பாளில் முழங்கால் குத்தி நின்று ஒரு வெள்ளைப் பந்தைச் செம்புக்குள் உருட்டிச் சிரித்த அந்தப் பின்னேரம்போல ஒரு பின்னேரம் இந்தப் பட்டறைக்கு அதற்கு முன் வரவில்லை. பம்ப் அடுத்த இதழில், கட்டாயம்.

கேள்வி: கூலி எவ்வளவு, எத்தனை நாள் எடுக்கும்?
- மறுபடியும் வட்டக்கச்சி வாசகர்

பதில்: பித்தளை நிறைக்கு விலை, அது நாளுக்கு நாள் மாறும். கூலி இரண்டு நாள் கூலி. ஆனால் தம்பியின் தடி கையில் வராமல் அரத்தைத் தொடமாட்டேன். தொலைபேசியில் அளவு சொல்லவும் வேண்டாம், தடியின் வாய் விட்டத்தை நானே அளப்பேன். கனடாக்காரருக்கு முதலில் செய்த அந்த மினுங்குகிற 340 கிராம் கட்டிக்குத் துளையும் கண்மட்டத்தில் போட்டதுதான், அரை மில்லிமீற்றர் பெருத்துவிட்டது. இப்போது அது பட்டறைக் கதவு காற்றுக்கு அடிபடாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. வரும்போது காலைப் பார்த்து வையுங்கள்.